அடைப்பிடம்: 'வரையறுக்கப்பட்ட இடம்' எந்த இடம்?

ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் 'வரையறுக்கப்பட்ட இடத்தினுள் அனுமதியின்றி நுழையக் கூடாது' என்று இருந்தது. ஒரு ஃபிட்டர் எழுந்து கேட்டார்: “சார், வரையறுக்கப்பட்ட இடம்னா தரையில மஞ்சக் கோடு போட்டிருக்கே, அதுக்குள்ளயா?” நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் தமிழைச் சரியாகத்தான் படித்திருந்தார். கோடு கிழித்து எல்லை காட்டினால் அதற்குப் பெயர் வரையறுத்தல்தானே?

வகுப்பில் பேச வந்த விஷயம் 'கன்ஃபைண்ட் ஸ்பேஸ்'. தொட்டி, கொதிகலன், தானியம் போன்றவற்றைக் கொட்டிவைக்கும் உயரமான சைலோ, கழிவுநீர்க் குழி, பெரிய குழாய் எல்லாம் இதில் அடங்கும். அமெரிக்கா 1993-இல் கொண்டுவந்த விதி இதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது: ஆள் உள்ளே போய் வேலை செய்யும் அளவுக்கு இடம் இருக்கும், போகவர வழி சிரமமானது, தொடர்ந்து ஆள் இருப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. பிரிட்டனின் 1997 விதி, பெரும்பாலும் மூடியிருக்க வேண்டும், அதோடு தீ, நச்சு வாயு, மூச்சுத்திணறல், நீரில் மூழ்குவது, தானியம்போல் சரியும் பொருளில் புதைவது மாதிரியான ஆபத்தும் இருக்க வேண்டும் என்கிறது.

தமிழில் இதற்குக் கைவசம் ஓர் உதாரணமே இருக்கிறது: குதிர். மேலே ஒரு வாய், உள்ளே நெல், ஆள் குடியிருக்கக் கட்டியதல்ல. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பிள்ளையின் அப்பன் ஒளிந்திருந்தது சாட்சாத் கன்ஃபைண்ட் ஸ்பேஸில்தான். பெர்மிட் வாங்கியிருக்க மாட்டார்.

'கன்ஃபைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு சின்னது. லத்தீனில் 'ஃபீனிஸ்' என்றால் எல்லை, முடிவு. அதோடு 'உடன்' என்ற பொருளுள்ள முன்னொட்டு சேர்ந்து, முதலில் எல்லையை ஒட்டியிருப்பதைக் குறித்தது. பிறகு எல்லைக்குள் அடக்குவது, அடைத்து வைப்பது என்று ஆங்கிலத்தில் பொருள் நகர்ந்துவிட்டது. 'டிஃபைன்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். அதற்கு நாம் வைத்திருக்கும் தமிழ் வரையறு. ஆக, நம் மொழிபெயர்ப்பாளர் அண்ணன் சொல்லுக்கு இருந்த தமிழை எடுத்துத் தம்பி சொல்லுக்கு மாட்டிவிட்டார்.

வேரைப் பிடித்துப் போனால் சரியாக இருக்கும் என்பது ஒரு நம்பிக்கை. தொட்டி வாயில் நிற்பவருக்கு லத்தீன் வேரால் என்ன பயன்? 'வரையறுக்கப்பட்ட' என்பதைத் தமிழர் வேறு எங்கெல்லாம் பார்க்கிறார் என்று யோசியுங்கள். 'லிமிடெட்' கம்பெனி என்பதைத் தமிழில் எழுதும்போது 'வரையறுக்கப்பட்ட நிறுவனம்' என்கிறார்கள். தொழிற்சாலை வாசல் பலகையில் அந்தச் சொல், உள்ளே போனால் தொட்டியின் மேலும் அதே சொல். அப்புறம், வரையறுப்பது தமிழில் நல்ல காரியம். வரையறுத்த திட்டம், வரையறுத்த விதி என்றெல்லாம் சொல்கிறோம். அளந்து, தெளிவாக, ஒழுங்காக இருப்பதுதான் அந்தச் சொல்லின் வாடை. ஆள் செத்துப்போகிற இடத்துக்கு இவ்வளவு ஒழுங்கான பெயரா? எல்லாவற்றுக்கும் மேல், எல்லை இல்லாத இடம் ஏது? இந்த அறை, அந்தக் கிடங்கு, கேன்டீன் எல்லாமே வரையறுக்கப்பட்டவைதான்.

இதற்குப் போட்டியாக வேறு சில சொற்களும் புழங்குகின்றன. 'குறுகிய இடம்' என்பார்கள். பத்து லாரி தண்ணீர் பிடிக்கும் தொட்டி குறுகியதா? உள்ளே கிரிக்கெட் ஆடலாம். 'மூடிய இடம்' பரவாயில்லை. ஆனால் மேலே திறந்து கிடக்கும் ஆழமான குழியும் இந்த வகையில் வரலாம். திறந்திருக்கிறதே என்று இறங்கியவர்கள் உண்டு. 'மூச்சுமுட்டும் இடம்' எனக்குப் பிடித்தது, பேச்சு வழக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. குறை என்னவென்றால், பல நேரம் மூச்சு முட்டவே முட்டாது. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அமெரிக்க விதிப்படி 19.5-க்குக் கீழே போனால் ஆபத்து. ஈரத்தோடு மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டியில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். நைட்ரஜன் நிரப்பிய தொட்டியில் வாடையும் இல்லை, திணறலும் இல்லை, இரண்டு மூச்சில் நினைவு போய்விடும். முட்டினால் ஏறிவிடலாம் என்று காத்திருப்பவரை அந்தப் பெயரே கொன்றுவிடும்.

நான் எழுதுவது 'அடைப்பிடம்'. அடைப்பு என்றால் சூழ்ந்து மறிப்பது. அடைப்புக்குறியில் இருப்பது அந்தப் பொருள். மூச்சடைப்பு, மாரடைப்பு என்றாலும் அதே சொல்தான். சுற்றி மூடியிருப்பதும் உயிருக்கு வரும் கேடும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன, நாம் எதையும் புதிதாக ஒட்டவைக்க வேண்டியதில்லை. சாக்கடை அடைப்பு நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். வரட்டும், சாக்கடைக் குழியும் அடைப்பிடம்தான். தூயதமிழ் வெறியில் இதைச் சொல்லவில்லை. டேங்க், பெர்மிட், வெசல் (ஆலையில் இருக்கும் பெரிய மூடிய கலன்) எல்லாம் எனக்குச் சம்மதமே. 'வெசலுக்குள்ள இறங்கறோம்' என்று ஆட்கள் பேசிக்கொள்வது 'வரையறுக்கப்பட்ட இடத்தினுள் நுழைகிறோம்' என்பதைவிட ஆயிரம் மடங்கு தெளிவு.

சொல்லப்போனால் அந்த வகுப்பில் இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. உள்ளே ஒருவர் வேலை செய்யும்போது வெளியே வாயருகே ஒருவர் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் 'அட்டென்டன்ட்'. உள்ளே இருப்பவரோடு பேச்சுத் தொடர்பு வைத்திருப்பது, ஏதாவது ஆனால் மீட்புக் குழுவைக் கூப்பிடுவது, எது நடந்தாலும் தான் இறங்காமல் இருப்பது அவர் வேலை. கையேடு அவருக்கு வைத்த பெயர் 'உதவியாளர்'. உதவியாளர் என்று பெயர் வைத்தால் அவர் என்ன செய்வார்? கூட்டாளி மயங்கி விழுந்ததும் உதவ இறங்குவார். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் விட்ட எச்சரிக்கை, இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்றது. நான் அதை 'வெளிக்காவல்' என்று மாற்றுகிறேன். எங்கே நிற்க வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

'ஹாட் வொர்க்' என்பது 'சூடான வேலை' ஆகிவிட்டது, வேலை என்ன இட்டிலியா? வெல்டிங், கட்டிங், கிரைண்டிங் எல்லாம் பொறி பறக்கும் வேலை, 'தீப்பொறி வேலை' என்றால் போதும். 'டூல்பாக்ஸ் டாக்' என்பது 'கருவிப்பெட்டிப் பேச்சு'. பெட்டி பேசுகிறதாக்கும்! வேலைக்கு முன் ஐந்து நிமிடம் நின்று பேசுவதை 'வேலைக்கு முன் பேச்சு' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? மொழிபெயர்க்கும் ஆள் ஒரு முறை தொட்டி வாயில் தலையை நீட்டிப் பார்த்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அகராதிதான் பக்கத்தில் இருக்கிறது, தொட்டி இல்லை.

வகுப்பு முடிந்ததும் பயிற்சி கொடுத்தவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், கையேட்டை மாத்த மேல கேக்கணும். பலகைன்னா நானே மாத்திடுவேன்” என்றார். சரி, பலகையாவது மாறட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'அடைப்பிடம். காற்றைச் சோதிக்காமல், வெளிக்காவல் இல்லாமல் இறங்காதே.' அவர் பேனாவை எடுத்து 'இறங்காதே' என்பதை 'இறங்காதீர்கள்' என்று திருத்தினார். பலகை சின்னது, எழுத்து பெரிதாக வேண்டும் என்று நான் மறுபடி 'இறங்காதே' ஆக்கினேன்.