வைராக்கியத்தின் மேல் பழி போடாதீர்கள்

வேலூரில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் நோயின் பெயரைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். "எனக்கு மன உறுதி கிடையாது மேடம்." காட்பாடியிலிருந்து வரும் கல்லூரி மாணவரும் இதைத்தான் சொல்கிறார், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்ப்பவரும் இதைத்தான் சொல்கிறார். யார் சொன்னது என்று கேட்டால் ஒரு சுயமுன்னேற்ற நூலின் பெயர் வரும். படிக்க நேரமில்லாதவர்களுக்கு அதன் சாரத்தைப் பத்து நிமிடத்தில் பிழிந்து கொடுக்கும் யூடியூப் காணொளி இருக்கிறது. இந்த நூல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளை நானும் வாங்கிப் படிக்கிறேன். சில உண்மையிலேயே நல்ல நூல்கள். ஆனால் அவற்றிலிருந்து நம் வீடுகளுக்கு வந்து சேரும் சரக்கு வேறு. வழியிலேயே ஆய்வு உதிர்ந்துவிடுகிறது, அதட்டல் மட்டும் பத்திரமாக வந்து சேர்கிறது.

21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற கணக்கையே பாருங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், அறுவைக்குப் பின் நோயாளி தன் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் வெளியான தன் நூலில் எழுதினார். அவர் கவனித்தது முகம். நாம் அதை எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாக்கிக்கொண்டோம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு தினமும் செய்து பார்த்தார்கள். யோசிக்காமல் தானாகவே செய்யும் நிலை வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளில் கைகூடியது, சிலருக்குக் கணக்கு 254 நாள் வரை நீண்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் ஏதும் இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதை மட்டும் எந்தக் காணொளியிலும் காணோம்.

அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நீட் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படிக்கும் மகனை ஒரு தந்தை அழைத்துவந்தார். கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். படிக்கும் மேசைக்கு மேலே சார்ட் தாள், அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட 21 கட்டங்கள். ஒன்பது கட்டங்களில் சிவப்பு மையில் டிக். மீதி வெறுமை. கீழே கொட்டை எழுத்தில் 'வெற்றி உன் கையில்'. பத்தாம் நாள் பையனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, அதோடு நின்றுவிட்டது. "ஒரு காய்ச்சலுக்கே உடைந்துபோகிறவன் மேடம்" என்றார் தந்தை. "அந்த மிட்டாய் ஆய்வு உங்களுக்குத் தெரியுமே? இவன் நான்கு வயதிலேயே மிட்டாயைக் கையில் வைத்திருக்க மாட்டான்."

அந்த மிட்டாய் ஆய்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் நம் பிள்ளைகள் தலையில் அதை வைத்து நிறையக் குட்டியிருக்கிறோம். 1960களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் நடத்திய சோதனை வரிசை அது. குழந்தையின் முன் ஒரு மார்ஷ்மெல்லோ. இப்போதே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பிற்பாடு பள்ளித் தேர்வுகளிலும் நன்றாகச் செய்தார்கள் என்று தெரியவந்ததும் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து வேறு ஆய்வாளர்கள் மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. வீட்டு வருமானம், தாயின் படிப்பு, குழந்தை வளர்ந்த சூழல் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்ததும் மிஞ்சியது சொற்பம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது செலஸ்ட் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2013இல் வெளியிட்டது. மொத்தமே 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்னால் ஒரு சின்ன ஏற்பாடு. "கொஞ்சம் பொறு, நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒரு பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மறு பாதியிடம் "மன்னித்துக்கொள், தீர்ந்துவிட்டதாம்" என்று கைவிரித்தார். அதற்குப் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம். பதினான்கு பேரில் ஒரே ஒரு குழந்தைதான் கடைசி வரை பொறுத்தது. அதே வயதுப் பிள்ளைகள், அதே மிட்டாய். சொன்ன சொல் நிற்குமா நிற்காதா என்று கணக்குப் போட்டுவிட்டு அதன்படி நடந்துகொண்டார்கள். என் கண்ணுக்கு அது புத்திசாலித்தனம்.

தந்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்தால் சைக்கிள் என்றார். பிளஸ் டூவில் எடுத்தால் வண்டி என்றார். இப்போது சீட் வாங்கினால் என்னென்னவோ சொல்கிறார்" என்றான். தந்தையிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. ஷூ கம்பெனியில் ஓவர்டைம் நின்றுபோன வருடம், அப்புறம் தங்கை கல்யாணம். பொய் சொல்லும் மனிதர் அல்ல அவர், பணம் கைக்கு வருமுன்பே வாக்குக் கொடுத்துவிடுகிற மனிதர். நம் வீடுகளில் இது வழக்கம்தானே? அவருக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: அடுத்த இரண்டு மாதத்துக்குப் பணம் சம்பந்தப்பட்ட எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. கொடுப்பதாக இருந்தால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இருவரும் கோட்டை வரை நடந்துவிட்டு வருவது போன்ற வாக்காக, அதே வாரத்தில் நிறைவேற்றக்கூடியதாக இருக்க வேண்டும். சார்ட் தாளை என்ன செய்வது என்று கேட்டார். பையனிடம் கேளுங்கள் என்றேன்.

வறுமை பற்றி இந்த நூல்களில் ஓர் அத்தியாயம் இருந்தால் பெரும்பாலும் அது சேமிப்பு பற்றியதாக இருக்கும். விதிவிலக்காக ஓர் ஆய்வு இருக்கிறது. அதுவும் நமக்கு மிகப் பக்கத்தில் நடந்தது. பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன், உளவியலாளர் எல்டார் ஷாஃபிர் உள்ளிட்டோர் விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்து 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. திருவண்ணாமலை 1989 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர். ஒரே விவசாயிக்கு வெட்டுக்கு முன் ஒரு தடவை, வெட்டு முடிந்து பணம் வந்தபின் ஒரு தடவை புதிர்ச் சோதனைகள் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின் 4 சதவீதம். புதிர்களில் அதே ஆள் வெட்டுக்கு முன் குறைவாகவும், பணம் வந்தபின் கூடுதலாகவும் சரியாகச் செய்தார். மூளை அதே மூளைதான். வட்டியும் அடகுச்சீட்டும் அதில் இடம்பிடித்திருந்த காலத்தில் மற்றவற்றுக்கு இடம் குறைந்திருந்தது. இதே கருத்தை ஒட்டி ஆய்வகங்களில் நடந்த சோதனைகள் பல, திரும்பச் செய்தபோது அதே விடையைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கரும்பு வயலில் கண்டதை நான் வாராவாரம் என் அறையில் காண்கிறேன்.

குடியாத்தம் பக்கத்தில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா. மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பேச்சு சிகிச்சைக்கு என்னிடம் வருவார். (நான் மருத்துவர் இல்லை, உளவியலாளர் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டாக்டரம்மாதான்.) மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, குறித்த நாளில் வருவதில்லை என்று அவர் மேல் எல்லாருக்கும் புகார். அவரும் ஒத்துக்கொள்வார்: "என் புத்திதான் சரியில்லை டாக்டரம்மா." மகள் நாள்காட்டியில் தினமும் குறி போட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் அதை மேசையில் விரித்து மூவரும் பார்த்தோம். விட்டுப்போன நாள்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை. செவ்வாய் காலை குழுக் கடன் வசூல். ஒருவர் தவணை கட்டவில்லை என்றால் குழுப் பெண்கள் அத்தனை பேரும் அதே திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். திங்கள் இரவு பதினொரு மணி வரை முறத்தை மடியில் வைத்து இலையில் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அலமாரியில் இருக்கும் மாத்திரை நினைவுக்கு வராததில் என்ன அதிசயம்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதானே கூலி. அவருக்கு நாங்கள் குறித்துக் கொடுத்திருந்த நாளும் செவ்வாய்.

அவர் என்னிடம் வரும் நாளை வியாழனுக்கு மாற்றினோம். மருத்துவரைக் கேட்டு, திங்கள் இரவு மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டோடு மகள் கையால் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்த அம்மாவின் மன உறுதியைக் கூட்ட நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் வறுமை பற்றி எழுதிய நூலில் ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களின் கணக்கு வருகிறது. எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 6 சதவீதம்தான். சொன்ன நாளில் தவறாமல் முகாம் நடத்தியதும் 17 ஆயிற்று. வருகிற தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பு என்றதும் 38ஐத் தொட்டது. தடுப்பூசியின் அருமையை விளக்கும் சொற்பொழிவால் வந்த உயர்வு அல்ல இது.

குடிப்பழக்கத்தைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது, முக்கியமாக ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். 'இன்றே, இந்த நொடியே நிறுத்து' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் கை கால் நடுக்கம் முற்றி, இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் பார்த்துப் பேசத் தொடங்குவார். வீட்டில் காற்று சேட்டை என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். அது உயிர் போகக்கூடிய நிலை, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ஐயப்பனுக்கு மாலை போட்ட கையோடு குடியை நிறுத்தி, கார்த்திகை முதல் வாரத்திலேயே வலிப்போடு வருகிறவர்கள் உண்டு. மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மாலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எந்த நூலும் சொல்லாத அளவுக்கு அதில் நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. விரத நாள் முழுக்கத் தெருவே ஒருவரைச் 'சாமி' என்று கூப்பிடுகிறது. படுக்கை மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, சாயங்காலத்துக் கூட்டாளிகள் மாறுகிறார்கள், கண்டிக்க ஒரு குருசாமி இருக்கிறார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று எல்லாம் பழையபடி திரும்பிவிடுகிறது: அதே பஸ் நிறுத்தம், அதே நண்பர்கள், சம்பளம் கையில். பொங்கலுக்குள் மறுபடி குடி. "சாமிக்கே பயப்படாதவன்" என்று வீட்டார் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே என்னிடம் வந்தால் நான் கேட்பது இவைதான்: சம்பளம் யார் கணக்கில் வரும்? எந்த வழியாக வீட்டுக்கு வருவீர்கள்? கூட்டாளி கையைப் பிடித்து இழுத்தால் வாயில் என்ன பதில் தயாராக இருக்கிறது? 'அப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பது உதவுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். நூல்களில் வரும் யுக்திகளில் நான் கைவிடாத ஒன்று அது.

கைவிட்டவையும் உண்டு. உடலை விரித்து இரண்டு நிமிடம் கம்பீரமாக இருந்தால் உடலின் ஹார்மோன்களே மாறும் என்ற ஆய்வை, அதை எழுதியவர்களில் முதல் பெயருக்குரிய டேனா கார்னியே 2016இல் தான் நம்பவில்லை என்று எழுதிவிட்டார். நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும், தன் புகழ்பெற்ற நூலின் ஓர் அத்தியாயத்தில் சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்தத் திருத்தங்கள் நேர்முகத் தேர்வுப் பயிற்சி வகுப்புகளை இன்னும் எட்டவில்லை; பிள்ளைகள் கழிவறைக்குள் போய்க் கம்பீரமாக நின்றுவிட்டு வருகிறார்கள். போகட்டும், அதில் கெடுதல் இல்லை.

சுயமுன்னேற்றம் என்ற சொல்லில் இருக்கும் 'சுயம்' தனி ஆளாக இருப்பதுதான் எனக்கு உறுத்தல். நம் நாட்டில் மனநல சிகிச்சை அந்த வழியில் மட்டும் போகவில்லை. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பங்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் தொடக்க காலம் முதலே உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்கும் முறையைக் கொண்டுவந்தது. மேல்நாட்டு மருத்துவ இதழ்களில் தனியாக எடுத்து எழுதப்பட்ட ஏற்பாடு அது. பாகாயம் பஸ்ஸை வைத்துக் கேலி பேசும் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருக்கிறது, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, அழுகை வருகிறது என்றால் நூலை மூடிவைத்துவிட்டு ஆளைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் என்ற கணக்கெல்லாம் கிடையாது, அன்றே வர வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வரும்போது வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள். பழைய மருந்துச் சீட்டோடு, கடன் தவணை அட்டை இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.