எழுபது வளைவும் ஒரு பிரேக் லைனரும்

எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கொல்லிமலையிலிருந்து இறங்கி வருகிற வண்டியை, அது வந்து நிற்பதற்கு முன்பே என் மூக்கு கண்டுபிடித்துவிடும். சக்கரத்தை உரசி நிறுத்துகிற பட்டை இருக்கிறதே, அந்த பிரேக் லைனர் கருகின வாசம். பழைய ரப்பர் செருப்பை அடுப்பில் போட்ட மாதிரி ஒரு நெடி, தொண்டை வரைக்கும் போய் நிற்கும். சேந்தமங்கலம் தாண்டி அடிவாரம் போகிற ரோட்டில் பதினெட்டு வருடமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் இந்த வாசம் வர ஆரம்பித்தால் இருட்டுகிற வரை ஓயாது. ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம்.

வந்து நிற்கிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான். "ண்ணா, பிரேக்கே புடிக்கலைங்க. போன வாரந்தான் சர்வீஸ் உட்டேன், அந்தாளு ஏமாத்திப்புட்டான்."

அந்த ஆள் ஏமாற்றியிருக்க மாட்டான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் லைனர் புதிதாகத்தான் இருக்கும். மேல்பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளவென்று வழவழத்துப் போயிருக்கும். மலை உச்சியில் மிதித்த காலை அடிவாரம் வரைக்கும் எடுக்காமல் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் பையன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். ஒருநாள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். வண்டியும் இரண்டு ஆளும் சேர்த்து 240 கிலோ. மலையிலிருந்து கீழே சுமார் 900 மீட்டர் இறக்கம். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்றாலும், மிச்சமிருக்கிற சூட்டில் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமாம். நீங்கள் இன்ஜினுக்கு வேலை கொடுக்காவிட்டால், ஒரு வீட்டுக்குச் சோற்று உலை வைக்கிற அந்தச் சூடு மொத்தமும் உள்ளங்கை அகல பிரேக் பேடு தலையில்தான் விடியும்.

போன மாதம் ஒரு ஸ்கூட்டர் வந்தது. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். நிறுத்தின கையோடு பின்னால் உட்கார்ந்திருந்தவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு முன் டிஸ்க்குப் பக்கம் குனிந்தான். ஓடிப்போய் கையைப் பிடித்தேன். கொதிக்கிற டிஸ்க்கில் ஒரு பக்கமாகத் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்புறம் ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் ஹேண்டில்பார் உதறும். நிழலில் நிறுத்தி, தானாக ஆற விடுவதுதான் வைத்தியம்.

லீவரைப் பிடித்துப் பார்த்தேன். இலவம்பஞ்சு மூட்டையை அமுக்குகிற மாதிரி உள்ளே போய்க் கைப்பிடியை முட்டியது.

"எப்படித் தம்பி எறங்குனீங்க?"

"சாவிய ஆஃப் பண்ணிட்டு உருட்டிட்டே வந்தோம்ண்ணா. பெட்ரோல் மிச்சமாவும்ல?"

"எவ்வளவு மிச்சம்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு கால் லிட்டர்?"

கால் லிட்டர் பெட்ரோலுக்காகக் காலனிடம் கடன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நடந்தது இதுதான். டிஸ்க் பிரேக்குக்குள் இருக்கிற ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்கிற ரக ஆயில் புதிதில் 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினதென்றால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் உள்ளே நீராவிக் குமிழ் விடும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. நீங்கள் லீவரில் கொடுக்கிற அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், பேடு வரைக்கும் போய்ச் சேராது.

இதில் ஒரு சூது இருக்கிறது. அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தால் ஆயில் ஆறி, குமிழ் அடங்கி, லீவர் பழையபடி கெட்டியாகிவிடும். "இப்ப நல்லாப் புடிக்குதுண்ணா, நாங்க கெளம்பறோம்" என்றான் அந்தப் பையன். ஆயில் மாற்றாமல் விடமாட்டேன் என்று சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கோபித்துக்கொண்டான், பரவாயில்லை. பழைய ஆயிலை வடித்து வெள்ளை டம்ளரில் பிடித்துக் காட்டினேன். கட்டங்காப்பி நிறம். புது ஆயில் எள்ளெண்ணெயைவிட வெளிறித்தான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. வண்டி வாங்கி ஐந்து வருடமாகியும் மூடியைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர்.

சரி, எப்படி இறங்குவது? எங்கள் நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்களைக் கேளுங்கள். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். செகண்டில் ஏறின இடத்தை செகண்டிலேயே இறங்கினால், ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். 'ம்ம்ம்ம்' என்று முனகும். அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்ஜின் கெட்டுப்போகும் என்று பயந்து கிளட்ச்சைப் பிடிக்கிறவர்கள் நிறைய. கிளட்ச்சைப் பிடித்தாலும் நியூட்ரலில் விட்டாலும் ஒன்றுதான். வண்டி அவிழ்த்துவிட்ட காளைதான்.

பெட்ரோல் மிச்சக் கதைக்கும் வருகிறேன். 2020 ஏப்ரல் முதல் விற்கிற பிஎஸ் 6 (புதிய புகை விதி) வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே எஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற வகை. அவற்றில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு இறங்கும்போது, வேகம் ரொம்பக் குறையாதவரை, பெட்ரோல் பீய்ச்சுவதை கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கும். ஆக, நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்வது செலவு.

ஸ்கூட்டர்காரர்கள் "எங்களுக்குத்தான் கியரே இல்லையே" என்பார்கள். பைக் அளவுக்கு இன்ஜின் பிடி கிடைக்காது, உண்மை. ஆனாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பிடிக்கும். வேகம் ரொம்பக் குறைந்தால் உள்ளே இருக்கிற கிளட்ச் விட்டுவிடும். அப்போது ஆக்சிலேட்டரை லேசாக ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு விட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். சாவியை ஆஃப் செய்தால் அதுவும் போச்சு, ஹாரன் போச்சு, பிரேக் லைட்டும் போச்சு. எதிரே பஸ் வருகிற வளைவில் ஹாரன் இல்லாமல் வாயால் கத்தவா முடியும்? ஸ்கூட்டரில் வருகிறவர்கள் பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள். நான் செல்ஃபிக்கு ஆதரவாகப் பேசுகிற ஒரே இடம் இதுதான்.

பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவுக்குள் போகும்போது விட்டுவிட வேண்டும். லேசாக மிதித்துக்கொண்டே வருவதைவிட இது நல்லது. இடையிலே காற்றுப் படுகிறதல்லவா, ஆறிக்கொள்ளும்.

இரண்டையும் சேர்த்து என்று சொன்னதும் எங்கள் பட்டறை எதிரே இருக்கிற டீக்கடையில் சண்டையே வந்துவிடும். அங்கே தினமும் ஒரு பெரியவர் வருவார். 100 சிசி பழைய வண்டி. "நாப்பது வருசமா முன் பிரேக்க நான் தொட்டதில்ல. தொட்டா தூக்கி அடிச்சுரும்" என்று பெஞ்சில் இருக்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம். பக்கத்தில் ஒரு புல்லட் தம்பி, "தாத்தா, அப்ப அத எதுக்கு வெச்சிருக்கான்? துண்டு காயப்போடவா?" என்பான். "நீ வாய மூடு. ஒன் வண்டி சத்தத்துலயே எங்கூட்டு மாடு பால் கறக்க மாட்டேங்குது."

பெரியவர் பயம் முழுப் பொய் இல்லை. மணலில், வண்டி சாய்ந்திருக்கும்போது, ரோட்டில் காயப்போட்ட கம்பு சோளத்தின் மேல், முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் வேண்டும். ஆனால் நேரான காய்ந்த ரோட்டில் வண்டியை நிறுத்துகிற சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர் ரோட்டை அமுக்கிப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகித் தேய்க்க ஆரம்பிக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டையும் சரியாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கிற வண்டி, பின் பிரேக் மட்டுமென்றால் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு ஓடும். முன் லீவரை விரலால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, முதலில் லேசாக, அப்புறம் இறுக்கமாக.

125 சிசி வரைக்குமான வண்டிகளில் சிபிஎஸ், அதற்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் என்று 2019 ஏப்ரலில் கட்டாயமாக்கினதே இந்தப் பயத்தையும் உத்தேசித்துத்தான் என்று நினைக்கிறேன். சிபிஎஸ்ஸில் பின் பிரேக்கைப் பிடித்தால் முன்னதும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். மாதத்துக்கு ஒருத்தராவது, "ண்ணா, அந்தக் கம்பியக் கழட்டி உட்ருங்க, முன்னால புடிக்குது" என்று வருகிறார். கழற்ற மாட்டேன். வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்குக் கிளம்புமுன் பார்க்க வேண்டியதற்கு மெக்கானிக் தேவையில்லை. லீவரைப் பிடித்துப் பத்து எண்ணுங்கள். மெதுவாக உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது. டிரம் பிரேக் என்றால் சக்கரத்துப் பக்கம் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை மிதித்தபடி பாருங்கள், அது எதிரே இருக்கிற கோட்டை எட்டினால் லைனர் முடிந்தது. முக்கியமாக, முதல்நாள் வாட்டர் வாஷ் விட்டிருந்தால் பிரேக்கைக் கண்டிப்பாகச் சோதியுங்கள். கழுவி முடித்துப் பளபளப்புக்காக டீசல் அடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. என் மச்சான் வண்டியிலேயே ஒருமுறை பேடு முழுக்க டீசல். மலைக்குப் போகாமல் பால் சொசைட்டி வாசலில் விழுந்தான், நல்லவேளை.

கூட்டமாக வருகிறவர்களுக்கு ஒன்று. கடைசியில் வருகிறவன் முன்னால் போகிறவனை எட்டிப்பிடிக்க விரட்டுவான். பட்டறைக்கு அதிகமாக வந்து சேருவது அந்தக் கடைசி வண்டிதான். புதுசாக ஓட்டுகிறவனை நடுவில் விடுங்கள், கேலி செய்தாலும் மலைமேல் சோளக்காடு ஊர் டீக்கடையில் வைத்துச் செய்யுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும். பஸ் வளைவை முழுசாக எடுத்துத்தான் திரும்பும். உள்பக்கம் இருக்கிற சந்து உங்களுக்காக விட்டதில்லை.

டீக்கடைப் பெரியவர் வண்டி போன வாரம் பஞ்சருக்கு வந்தது. சும்மா முன் பிரேக் லீவரைப் பிடித்துப் பார்த்தேன். நகரவேயில்லை. கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. கேட்காமலே புதுக் கேபிள் போட்டு, ஷூவைச் சுத்தம் செய்து கொடுத்தேன். பட்டறைக்கு முன்னாலேயே ஓட்டிப் பார்த்தவர், பழைய ஞாபகத்தில் பின்னால் மிதித்தார்; புல்லட் தம்பி கத்தின கத்தலில் முன்னாலும் பிடித்துவிட்டார். வண்டி பொட்டென்று நின்றது. தோளில் இருந்த துண்டு மட்டும் டேங்க் மேல் விழுந்தது.

"கேபிளுக்கு எவ்வளவுப்பா?" என்றார், துண்டை எடுத்து உதறியபடி. சொன்னேன். "நான் போடச் சொல்லவே இல்லியே" என்று பாதிதான் கொடுத்தார்.