ஒன்றில் அடிக்காதே

மேஜையில் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரே சீராகத் தட்டுங்கள். இரண்டிலும் நான்கிலும் கொஞ்சம் பலமாக. இது ராக் அண்ட் ரோல். இப்போது மனதுக்குள் எண்ணிக்கொண்டே, ஒன்று வரும்போது கையைத் தூக்கியே வைத்திருங்கள். மூன்றில் மட்டும் உள்ளங்கையால் 'தொம்' என்று ஓர் அடி. இரண்டுக்கும் நான்குக்கும் நாக்கால் ஒரு 'சிக்'. வெற்றிடம், சிக், தொம், சிக். பத்துச் சுற்று போனால் தலை தானாக ஆட ஆரம்பிக்கும். ஜமைக்காவுக்கு வந்துவிட்டீர்கள்.

பழைய ராக் பாட்டு ஒன்றை ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையாக மாற்றுவது என்றால், வேகத்தைக் குறைத்துவிட்டு மேலே கொஞ்சம் கடற்கரை வாசம் தெளிப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் கேட்கும் 'ரெகே வெர்ஷன்' பலவும் சவசவ என்று இருப்பதற்கு அதுதான் காரணம். உண்மையில் மாறுவது வேகம் அல்ல, வேலைப் பங்கீடு.

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரி 1958-இல் வெளியிட்ட 'ஜானி பி. குட்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்குச் சுமார் 168 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு அசை என்று பாடினால் நொடிக்கு ஐந்தாறு அசைகள். ஏறக்குறைய பேச்சு வேகம்தான். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் ஒன்றையும் மூன்றையும் பிடித்துக்கொள்ள, குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம் இரண்டிலும் நான்கிலும் அறைகிறது. வில்லி டிக்ஸன் வாசிக்கும் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியம், ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. மூச்சுவிட எங்கும் இடமில்லை, அதுதான் அந்தப் பாட்டின் அழகும்கூட.

இதை ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்துக்குக் கொண்டுபோகும்போது முதலில் நடப்பது ஓர் இடமாற்றம். இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் பார்த்த வேலையைக் கிட்டார் எடுத்துக்கொள்கிறது. ஸ்நேரும் கிக்கும் சேர்ந்து மூன்றில் மட்டும் இறங்குகின்றன. ஒன்றில் டிரம் மௌனம். பாப் மார்லியின் குழுவில் வாசித்த கார்ல்டன் பாரெட் இந்த அடிக்குப் பேர்போனவர்.

இப்போது ஒரு வேடிக்கை. எண்ணிக்கையை 168-லிருந்து 150-க்குத்தான் குறைத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு முறைதான் பெரிய அடி விழுவதால், பாட்டு பாதி வேகத்தில் போவதாகவே காது சொல்லும். கடிகாரம் காட்டும் வேகம் வேறு, உடம்பு உணரும் வேகம் வேறு.

சரி, ஒன்றில் டிரம் அடிக்கவில்லை என்றால் சுற்று எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரிகிறது? மூளை அடுத்த தட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. நாம் அசையாமல் உட்கார்ந்து தாளத்தைக் கேட்டாலும், உடல் அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்வதை ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள். எதிர்பார்த்த இடத்தில் டிரம் பேசாவிட்டால் அந்த இடத்தை நாமே நிரப்புகிறோம், பெரும்பாலும் தலையசைத்து. தட்டுகள் எதிர்பார்ப்பிலிருந்து கொஞ்சம் விலகினால் ஆடத் தோன்றும், மிக அதிகமாக விலகினால் அந்த ஆசை போய்விடும் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதன் சாயல் தெரியும். தட்டு விழுந்து அரை இடம் தள்ளிப் பல்லவி எடுக்கும் கீர்த்தனைகள் எத்தனையோ. ஆனால் அங்கே தட்டிக் காட்ட ஒரு கை இருக்கிறது. இங்கே அந்தக் கையையும் எடுத்துவிட்டு, பொறுப்பைக் கேட்பவர் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது சுருதி உயரங்களின் பங்கீடு. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். பலமாக வந்தால் காதோடு நெஞ்சுக்கூடும் அதை உணரும். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயரப் பெட்டிகளோடு 'சவுண்ட் சிஸ்டம்' வைத்து ஆடியவர்களுக்காக வளர்ந்த இசை இது. அதனால் பேஸ்தான் ராஜா. ஆனால் பலமான தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை அமுக்கிவிடும். எனவே கிட்டார் கீழே இறங்காமல் மேல் தந்திகளோடு நிறுத்திக்கொள்கிறது. வலது கை தந்தியை உரசியதும் இடது கை விரல்களை லேசாகத் தளர்த்த வேண்டும். தந்தியிலிருந்து எடுத்துவிடக் கூடாது. தளர்த்தினாலே போதும், ஒலி பிறந்த உடனே செத்துப்போகும். அந்தச் 'சிக்' இப்படித்தான் வருகிறது. இடையில் மிச்சமிருக்கும் சந்துபொந்துகளில் ஆர்கன் குமிழியிடும்.

பேஸும் ஓயாமல் நடப்பதை விட்டுவிடுகிறது. ஒரு சின்ன மெட்டைச் சொல்லும், அப்புறம் வாயை மூடிக்கொள்ளும்.

1983-இல் ஜமைக்கப் பாடகர் பீட்டர் டோஷ் இதே 'ஜானி பி. குட்' பாட்டை 'மாமா ஆப்பிரிக்கா' ஆல்பத்தில் ரெகேயாகப் பாடினார். நாயகனின் ஊர்கூட மாறியது: லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் இருந்தவன் ஜமைக்காவில் மாண்டெவில் பக்கம் குடியேறினான். அந்த ஆல்பத்தில் கிட்டார் வாசித்த டொனால்ட் கின்சி ஓர் அமெரிக்க ப்ளூஸ்காரர் என்பது எனக்குப் பிடித்த தகவல். இந்தப் போக்குவரத்து பழையது. 1950-களில் அமெரிக்கத் தென்கரை வானொலிகளில் வந்த ரிதம் அண்ட் ப்ளூஸைக் கேட்டு ஆடிய ஜமைக்கர்கள், அமெரிக்கா ராக் அண்ட் ரோலுக்குத் தாவியதும் தங்களுக்குப் பிடித்த துள்ளல்நடையைத் தாங்களே பதிவுசெய்யத் தொடங்கினார்கள். அந்த நடையில் இருந்த இடைத்தட்டை இன்னும் அழுத்தியபோது ஸ்கா பிறந்தது. அது 1966 வாக்கில் ராக்ஸ்டெடியாக நிதானமடைந்து, 1968 வாக்கில் ரெகே ஆனது. ஆக டோஷ் பாடியது அந்நியர் பாட்டு அல்ல, பெரியப்பா வீட்டுப் பாட்டு.

நாங்கள் நான்கு பேர் ஒரு மொட்டைமாடி அறையில் இதை முயன்று பார்த்தோம். கிட்டார் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. டிரம் வாசித்த நண்பருக்குத்தான் திண்டாட்டம். பதினைந்து வருடப் பழக்கம், ஒன்று வந்தால் வலது கால் பெடலை மிதித்துவிடும். மிதித்துவிட்டு அவரே "ச்சே" என்பார். கடைசியில் காலை மடித்து ஸ்டூலுக்கு அடியில் செருகிக்கொண்டு, மூன்றில் மட்டும் குச்சியால் ஸ்நேரின் விளிம்பைத் தட்டினார். அப்போதுதான் பாட்டு உட்கார்ந்தது.