பிரஷர் உள்ள எல்லோருக்கும் கிட்னி டாப்ளர் வேண்டுமா?

குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து வேலூருக்கு வருகிறவர்கள் சிலர் கையோடு ஒரு டாப்ளர் (ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டும் கொண்டுவருகிறார்கள். "இடது சிறுநீரகத் தமனியில் அடைப்பு இருக்கலாம்" என்று ஒரு வரி. பிரஷரோ ஒரே மாத்திரையில் 130/80-இல் அடங்கியிருக்கும். இவர்களுக்கு இந்த ஸ்கேனே தேவையில்லை என்பது என் கருத்து.

சிறுநீரகத் தமனி, அதாவது சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், சுருங்கினால் பிரஷர் ஏறும் என்பதை 1934-இல் கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களிடம் நிரூபித்தார். ரத்தவரத்து குறைந்ததும் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது, அதன் விளைவாக உடம்பெங்கும் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. ஆனால் பிரஷர்காரர்களில் வெகு சிலருக்குத்தான் இது காரணம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஆயிரம் பேரில் 20 பேருக்கு அடைப்பு. நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேரைக் கண்டுபிடித்து, இல்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விடுவிக்கும் ஸ்கேன் என்று வையுங்கள். பிடிபடும் 116 பேரில் 18 பேருக்குத்தான் நோய். மீதி 98 பேருக்கு வீண் பயம். அதே ஸ்கேனை, 30 பேருக்கு நோய் இருக்கக்கூடிய நூறு பேரிடம் செய்தால் 27 பேர் சரியாகச் சிக்குவார்கள், 7 பேர்தான் தவறாக. மெஷின் அதேதான், ஆட்கள்தான் வேறு.

டாப்ளர் பார்ப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை. ஐந்தாறு மில்லிமீட்டர் அகலக் குழாய், வயிற்றின் ஆழத்தில், குடல் வாயுவுக்குப் பின்னால் கிடக்கிறது. டீ, பன் சாப்பிட்டுவிட்டு வந்தால் பாதி தெரியாது. ரத்த வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவோம். கருவியின் கோணம் தப்பினால் அந்த எண்ணே தப்பு.

அப்போ யாருக்கு எடுக்கலாம்? முப்பது வயதுக்குள் கடும் பிரஷர் வந்தவர்கள், மூன்று மாத்திரைக்கும் அடங்காதவர்கள், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மருந்து தொடங்கியதும் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) எகிறியவர்கள், திடீர் திடீரென நுரையீரலில் நீர் கோக்கிறவர்கள். இளம்பெண் என்றால் முதலில் இரண்டு கை நாடியையும் பிடித்துப் பாருங்கள். நம் நாட்டில் டாகயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சி இந்த வயதில் முக்கியக் காரணம். ஒரு கையில் நாடி மங்கியிருந்தால், சிறுநீரகத்தை மட்டும் ஸ்கேன் செய்வது போதாது, பெருந்தமனியையும் பார்க்க வேண்டும்.

சாய மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ தெளிவாகக் காட்டும், ஆனால் அந்தச் சாய மருந்து ஏற்கெனவே பழுதான கிட்னியைச் சோதிக்கும்.

ஸ்கேனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: "அடைப்பு தெரிந்தால் என்ன செய்வீங்க?" கொழுப்புப் படிந்த அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிட அதிக நன்மை இல்லை என்று 2014-இல் வெளியான கோரல் ஆய்வு காட்டியது. இளம்பெண்களுக்கு வரும் தசைநார் வகைச் சுருக்கம் (கொழுப்பு படியாமல், குழாயின் சுவரே மாறிச் சுருங்குவது) வேறு கதை. அங்கே பலூன் வைத்து விரித்தாலே பலருக்குப் பிரஷர் நன்றாக இறங்குகிறது.