சிறுநீருக்கு ஏது கலாச்சாரம்?

கும்பகோணத்தில் ஒரு பரிசோதனை நிலையம். பெரியப்பாவுக்கு நீர்க்கடுப்பு, விட்டு விட்டுக் காய்ச்சல் வேறு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போயிருந்தோம். கவுன்டருக்கு மேலே புது விலைப்பட்டியல் தொங்கியது, முழுக்கத் தமிழில். சந்தோஷமாகத்தான் இருந்தது, நாலாவது வரிக்கு வரும்வரை. 'சிறுநீர் கலாச்சாரம்' என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே 'இரத்த கலாச்சாரம்'. அதற்கும் கீழே 'சளி கலாச்சாரம்'.

பெரியப்பா பாபநாசம் பக்கம் விவசாயம் பார்ப்பவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஏம்ப்பா, கலாச்சாரம் கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்களே, அதை இங்கதான் செக் பண்றாங்களா?"

அவருக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல். இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. ஆய்வுச் சுருக்கம் ஒன்றை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள், அதில் 'செல் கலாச்சாரம்'. வாழைக் கன்று விற்கிற ஒருவரின் துண்டுத்தாளில் 'திசு கலாச்சார வாழை'. கல்ச்சர் என்ற ஆங்கிலச் சொல்லைக் கணினியில் போட்டு, முதலில் வந்து விழுவதை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். விழுந்தது என்னவென்று திரும்பிப் பார்க்க ஆளில்லை.

கல்ச்சர் என்பதன் கதை சின்னதுதான். லத்தீனில் கொலெரே என்றால் உழு, பயிரிடு, பேணு. குடியிரு, வழிபடு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. அதிலிருந்து குல்த்தூரா வந்தது. அக்ரிகல்ச்சரின் வால் அதுதான். நிலத்தைப் பேணுவது பிறகு மனத்தைப் பேணுவதாகி, கலை, நாகரிகம், வாழ்க்கைமுறை என்று விரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிருமிகளைக் கண்ணாடிக்குள் வளர்க்கத் தொடங்கியவர்கள் பழைய விவசாயப் பொருளையே கையில் எடுத்தார்கள். அவர்கள் செய்ததும் ஒரு சாகுபடிதான்.

ஆய்வகத்தில் இதன் பொருள் மிகத் தெளிவானது. ஓர் உயிரையோ அதன் செல்லையோ இயல்பான இடத்திலிருந்து எடுத்து, தீனி கொடுத்து, சூடு கொடுத்து, வேறு எதுவும் அண்டாமல் பார்த்துக்கொண்டு பெருக வைப்பது. பெரியப்பாவின் சிறுநீரில் ஒரு துளியைக் கம்பி வளையத்தால் தொட்டு, தீனிக்கூழ் உறைந்த தட்டில் இழுத்துவிடுவார்கள். 37 பாகை செல்சியஸில் ஓர் இரவு. கிருமி இருந்தால் காலையில் புள்ளி புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். எண்ணிப் பார்த்து, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்கிற அளவில் இருந்தால் தொற்று என்பார்கள். எந்த மருந்துக்கு அது சாகும் என்று அப்புறம் பார்ப்பார்கள். இதில் கலையும் இல்லை, ஆசாரமும் இல்லை.

ஆசாரம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்றும் யோசிக்கிறேன். நான் தஞ்சாவூரில் உயிர்வேதியியல் படித்து, சில வருஷம் ஆய்வகத்தில் குப்பை கொட்டியவன். அங்கே ஒரு மூத்த அக்கா, சுத்தக் காற்றுப் பெட்டிக்குள் கைவிடும்போதெல்லாம் "மடியா இருக்கேன், தொடாதே" என்பார். ஸ்பிரிட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சுடர் ஓரமாகக் குழாயைத் திறந்து, வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பதற்கு எங்கள் ஊரில் அதைவிடப் பொருத்தமான சொல் அகப்படாது. அந்தச் சொல் வீதிகளில் யார் யாரைத் தள்ளி நிறுத்தியது என்பது வேறு கணக்கு. இங்கே தள்ளி நிறுத்தப்பட்டவை பூஞ்சைகள் மட்டும்.

கலாச்சாரத்தைத் தள்ளுவது சுலபம். எனக்குச் சங்கடம் கொடுத்தது வேறொரு சொல். விலைப்பட்டியல் கதையை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் என்னோடு சேர்ந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "கலாச்சாரம் வடசொல், அதனால் தப்பு. 'நுண்ணுயிர்ப் பண்பாடு' என்று போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும் தம்பி" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவரிடம் வாதம் இருந்தது, அதுவும் கெட்டியான வாதம். லத்தீன் வேர் உழவு. தமிழில் பண்படுத்து என்பதும் உழவு. பண்பட்ட நிலம் என்கிறோம், பண்பட்ட மனம் என்கிறோம். மேற்கே சொல் எந்த வழியில் நடந்ததோ அதே வழியில் இங்கேயும் நடந்திருக்கிறது. "இரண்டு மொழியும் ஒரே வரப்பில் நடந்து வந்திருக்கும்போது நீ ஏன் குறுக்கே போகிறாய்?"

சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு மூன்று நாள் அதையே மென்றுகொண்டிருந்தேன். பதில் பெரியப்பாவின் வயலில் கிடைத்தது. சம்பாவுக்குச் சேறடித்துப் பரம்பு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இதுதான் பண்படுத்துவது. எதைப் பண்படுத்துகிறார்கள்? மண்ணை. நெல்லை இல்லை. நெல்லை விதைக்கிறோம், நடுகிறோம், வளர்க்கிறோம். 'நாற்றைப் பண்படுத்து' என்று காவிரிக்கரையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லத்தீன்காரன் நிலத்துக்கும் பயிருக்கும் ஒரே வினையை வைத்துக்கொண்டான். தமிழில் அவை இரண்டு வினைகள். கண்ணாடித் தட்டில் நிலம் என்பது அடியில் இருக்கிற கூழ். கிருமி என்பது பயிர். பயிரோடு பண்பாட்டைச் சேர்த்தால் நெற்கதிரின் மேல் ஏர் ஓட்டியது போலாகும்.

ஐயா விடவில்லை. 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்று கலித்தொகைக்குப் போனார். பிறர் இயல்பறிந்து நடந்துகொள்வதே பண்பு என்பது அதன் பொருள். அது இன்னும் என் பக்கம்தான். ஈ.கோலை என்கிற குடல் பாக்டீரியா, நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அந்த வேகம் அப்படியே நீடித்தால் ஒற்றைக் கிருமி 10 மணி நேரத்தில் 107 கோடியைத் தாண்டும். இருப்பதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். அதற்குப் பாடாவது அறிதலாவது.

இன்னொன்றும் உண்டு. பண்பாடு என்ற சொல்லை 1937 வாக்கில் ரசிகமணி டி.கே.சி. புழக்கத்துக்குக் கொண்டுவந்ததாகத் தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை சொல்கிறார். அன்றைக்கு அதற்குத் தேவைப்பட்ட பொருள் நாகரிகம் சார்ந்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது. இப்போது போய் 'கொஞ்சம் நகருங்கள், கிருமிக்கும் இடம் வேண்டும்' என்றால் எப்படி? சொல்லின் வேர் மண்ணுக்குள் என்னவாகவும் இருக்கட்டும். படிக்கிறவர் கண்ணில் படுவது கிளை. வேர் பார்த்துச் சொல் வைக்கிறவர்கள் பாதிப் பேர், அந்தச் சொல் இன்றைக்கு எந்த வேலையில் இருக்கிறது என்று விசாரிப்பதே இல்லை. தூய்மை வேண்டும்தான். வடசொல் வேண்டாம் என்று ஐயா சொன்னால் நானும் தலையாட்டுவேன். ஆனால் புரியாத தூய தமிழுக்கும் புரியாத இயந்திரத் தமிழுக்கும் பெரியப்பா முன்னால் ஒரே மதிப்புதான்.

சரி, பின்னே என்ன சொல்லலாம்? வளர்ப்பு. திசு வளர்ப்பு என்று தோட்டக்கலைக்காரர்கள் எப்போதோ வழக்கில் விட்டுவிட்டார்கள். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிற வட்டாரம் இது. "திசு வளர்ப்புக் கன்றா, பக்கக் கன்றா?" என்று டீக்கடையிலேயே பேசுவார்கள். ஐயாவுக்கு இதில் குறை. வளர்ப்பு மகன், வளர்ப்பு நாய் என்றெல்லாம் ஞாபகம் வருகிறதாம். வரட்டும் ஐயா, அதுதானே விஷயம்! வளர்ச்சி தானாக நடக்கும், வளர்ப்புக்கு ஓர் ஆள் வேண்டும். பெற்ற இடம் ஒன்று, வளர்கிற இடம் வேறு என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1951இல் புற்றுநோயால் இறந்தார். அவர் உடம்பிலிருந்து அவரைக் கேட்காமலேயே எடுத்த செல்கள் இன்றைக்கும் உலகமெங்கும் புட்டிகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வளர்ப்புச் செல் என்பதைவிடச் சரியான பெயர் எனக்குத் தெரியவில்லை.

செயலுக்கு வளர்ப்பு கச்சிதம். குழாயில் கலங்கி நிற்கிற அந்தப் பொருளுக்கு? 'வளர்ப்பு கலங்கியிருந்தது' என்று எழுதினால் முதல் பத்துத் தடவை உறுத்தும், அப்புறம் பழகிவிடும். பேச்சில் கல்ச்சர் என்றே சொல்லிக்கொள்ளட்டும். உளுந்து விதையில் ஆறின கஞ்சியோடு கலக்கிற ரைசோபியம் என்ற நுண்ணுயிர்ப் பொட்டலத்தை எங்கள் பக்கம் 'கல்ச்சர் பாக்கெட்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். யாருக்கும் குழப்பமில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குள்ள கோபம் உண்மையில் இந்த ஒரு சொல்லால் வந்ததில்லை. சுற்றியுள்ள மற்ற சொற்களைப் பாருங்கள். ஒரு வளர்ப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் தீனியில் விடுவது சப்கல்ச்சர். அது 'துணைக் கலாச்சாரம்' ஆகிறது. டிஎன்ஏ துண்டைச் சுமந்து செல்லும் வெக்டர், கணக்குப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்து 'திசையன்' ஆகிறது. கிருமிக்கான தீனி 'ஊடகம்'. இந்த ஊடகம் ஒருகாலத்தில் நல்ல சொல்தான், இப்போது கேட்டால் மைக்கும் கேமராவும்தான் நினைவுக்கு வருகின்றன. கூழாக இருந்தால் ஊட்டக்கூழ், நீராக இருந்தால் ஊட்டநீர் என்று நான் எழுதுகிறேன். 'தாங்கல் கரைசல்' மாதிரி அழகான சொல்லும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. அது அமிலமும் காரமும் வந்து மோதுவதைத் தாங்கிக்கொள்கிறது, பெயரும் அதையே சொல்கிறது. அப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதால்தான் எரிச்சல் கூடுகிறது.

ஏனென்றால் வேண்டிய சொற்கள் அடுப்படியிலும் வயலிலும் கிடக்கின்றன. நேற்றைய வளர்ப்பில் ஒரு பங்கு எடுத்து நூறு பங்கு புது ஊட்டநீரில் விடுகிறோம். அம்மா நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுவதும் இதேதான். அதற்குப் பெயர் உறை. பிரை என்பாரும் உண்டு. விதைப்புக்கு எடுக்கிற அந்த ஒரு பங்கை உறை என்றும், அந்தச் செயலை உறை ஊற்றுதல் என்றும் சொல்வதற்கு என்ன கூச்சம்? பால் சுடச்சுட இருந்தால் உறை செத்துவிடும் என்று அம்மா விரல் விட்டுப் பார்ப்பாள். நாங்கள் உருக்கிய கூழில் ஆன்டிபயாடிக் கலக்கும் முன் குடுவையைப் புறங்கையில் வைத்துப் பார்ப்போம். சூடு தாங்க முடிந்தால் ஊற்றலாம்.

அந்தக் கூழே அடுப்படியிலிருந்து போனதுதான். 1881இல் ஜெர்மன் கிருமியியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினை வைத்துத் திண்டாடினார்கள். கிருமி வளர்க்கிற சூட்டில் அது உருகிவிடும், சில கிருமிகள் அதையே தின்றும்விடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒருவரிடம் அவர் கற்ற பக்குவம் அது. நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் நோன்புக் காலத்தில் பால், சீனி போட்டுக் காய்ச்சித் தட்டில் ஊற்றித் துண்டு போடுவார்களே கடல்பாசி, அதே பொருள். தட்டில் ஊற்றி ஆறவைத்து, மேலே ஆடையின்றிப் பளிங்காக உறைவதைப் பார்ப்பதில் எனக்கு இரண்டு இடத்திலும் ஒரே சந்தோஷம். ஆய்வகங்களில் இன்று காண்கிற, மூடி போட்ட பெட்ரி தட்டு வர அன்றைக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

துணைக் கலாச்சாரத்துக்கு வருவோம். புட்டியின் அடியில் ஒட்டி வளரும் செல்கள் இடம் நிறைந்ததும் டிரிப்சின் என்ற நொதியை விட்டு அவற்றைப் பெயர்ப்பார்கள். பெயர்த்ததை நாலாகப் பிரித்து நாலு புட்டியில் விடுவார்கள். நாற்றங்காலில் நாற்றுப் பறித்து, முடி முடியாகக் கட்டி, வயலுக்கு வயல் பிரித்துப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் திறக்காத வருஷத்தில் நாற்றங்காலிலேயே நாற்று முற்றிப்போகும், நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. நாள் தள்ளிப்போன வளர்ப்பும் அப்படித்தான், புதுத் தீனியில் விட்டாலும் உடனே எழும்பாது. சப்கல்ச்சருக்கு மறுநடவு என்று பெயர் வைத்தால் போதும்.

இதையெல்லாம் அந்தப் பரிசோதனை நிலையத்தில் விளக்கவில்லை. "கலாச்சாரம்னு போடாதீங்க, வளர்ப்புன்னு போடுங்க" என்று மட்டும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து மறுபரிசோதனைக்குப் போனால், ஆச்சரியம், மாற்றியிருந்தார்கள். கலாச்சாரத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பேனாவால் 'சிறுநீர் வளர்ப்பு'.

பெரியப்பா மறுபடி கண்ணாடியை ஏற்றினார். "மூத்திரத்தை எதுக்குப்பா வளர்க்கிறாங்க?"

அவர் கேட்டது நியாயம். மாடு வளர்ப்பு என்றால் வளர்வது மாடு, கோழி வளர்ப்பு என்றால் கோழி. திசு வளர்ப்பில் திசு வளர்கிறது. சிறுநீரில் வளர்வது சிறுநீர் இல்லையே. ஆங்கிலத்தில் எங்கிருந்து எடுத்தது என்பதை முன்னால் ஒட்டினாலே போதும், தமிழில் வளர்ப்புக்கு முன்னால் வளர்கிற பொருள் வந்தாக வேண்டும். ஐயாவோடு இவ்வளவு மல்லுக்கட்டியும் இது எனக்குத் தோன்றவில்லை. கவுன்டரில் பேனா வாங்கி, இரண்டு சொல்லுக்கும் நடுவே, தாளில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி 'கிருமி' என்று எழுதிவிட்டு, பெரியப்பாவின் பெயர் கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.