பிரஷ் முனை வாய்க்குப் போக வேண்டாம்

போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. அளவுப் பொம்மைச் சிப்பாயின் சட்டைப் பொத்தான் கடுகில் பாதிகூட இருக்காது. வாட்டர்லூ போரில் (1815) நின்ற பிரிட்டிஷ் 28-ஆம் படைப்பிரிவு என்றால் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் மஞ்சள். 73-ஆம் படைப்பிரிவு என்றால் கரும்பச்சை. மார்பில் குறுக்கே இரண்டு வெள்ளை வார்கள், அவற்றின் ஓரத்தில் மெல்லிய நிழல்கோடு. இதெல்லாம் சரியாக வர, பிரஷ் முனை கூராக நிற்க வேண்டும். அதற்குப் பலரும் கையாளும் குறுக்குவழி, பிரஷ்ஷை உதட்டில் வைத்து ஒரு சுழற்று. போர் விளையாட்டு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது என் தொழில். பழக வருகிறவர்களிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

காரணம் வண்ணம் மட்டுமில்லை, உருவமே. வரலாற்றுப் போர் உருவங்களில் கணிசமானவை இன்றும் உலோக வார்ப்புகள். 1993-ல் நியூயார்க் மாநிலத்தில் காரீயத்தைத் தடைசெய்ய மசோதா வந்தபோது பல அமெரிக்க நிறுவனங்கள் காரீயம் இல்லாத கலவைக்கு மாறின. எல்லோரும் மாறிவிடவில்லை. பிரிட்டனிலிருந்து வரும் பொட்டலங்கள் பலவற்றில் ‘காரீயம் உள்ளது, 14 வயதுக்குட்பட்டோருக்கு அல்ல’ என்ற எச்சரிக்கையை இப்போதும் பார்க்கலாம். "வீட்டில் ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே" என்று கேட்கிறார்கள். அது வெள்ளீயம், இது காரீயம். இரண்டும் வேறு உலோகங்கள்.

திடமாக இருக்கும் காரீயத்தைக் கையில் பிடிப்பதால் பெரிய கெடுதல் இல்லை. தோல் வழியாக அது அநேகமாக உள்ளே போவதில்லை. தூளானால்தான் ஆபத்து. வார்ப்பில் தொப்பி உச்சியிலிருந்து தோள், விலா, கால் வரை ஓர் அச்சுக்கோடு ஓடும். அதை அரத்தால் தேய்த்து எடுக்கும்போது சாம்பல் நிறப் பொடி விரல் ரேகைக்குள் இறங்கும், நகக்கண்ணில் தங்கும். அதே கையோடு ஒரு பிஸ்கட்டை எடுத்தால் பொடி வாய்க்குப் போகிறது. கழுவாத உருவத்தின் மேல் ஓடிய பிரஷ்ஷை உதட்டில் வைத்தாலும் அதேதான்.

அதனால் நான் அரத்தைவிடக் கத்தியை விரும்புகிறேன். கத்தி முனையைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் பொடிக்குப் பதில் சுருள் சுருளாக வரும். உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். விழுந்ததை வாயால் ஊதுவதும் துடைப்பத்தால் பெருக்குவதும் கூடாது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, மூடிபோட்ட டப்பாவில் சேர்த்து வையுங்கள். பிறகு உருவத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வண்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சான பிரைமர் அடியுங்கள். பிரைமர் எப்படியும் கழுவிய உலோகத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இனி வண்ணம். பிரஷ்ஷை உதட்டால் கூராக்குவதன் விலை என்ன என்பதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1917 முதல் நியூஜெர்சியின் ஆரஞ்சு நகரில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வண்ணம் தீட்டிய பெண்களுக்கு, அப்படிச் செய்யச் சொல்லித்தான் வேலையே கற்றுக்கொடுத்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். நம் புட்டியில் ரேடியம் இல்லை. நமக்கென்றே விற்கும் அக்ரிலிக் வண்ணங்கள் பெரும்பாலும் தீங்கு குறைந்தவைதான். ஆனால் குதிரைகளுக்கு ஆயில் கலர் பூசித் துடைத்தெடுக்கும் முறை இந்தத் தொழிலில் பிரபலம். அங்கே ஓவியர்களுக்கான டியூப்கள் மேசைக்கு வருகின்றன. டியூபின் பின்புறம் நிறமிக் குறியீடு இருக்கும்: பி.ஆர் 108, பி.ஒய் 35 என்றால் காட்மியம், பி.பி 28 என்றால் கோபால்ட், பி.டபிள்யூ 1 என்றால் காரீய வெள்ளை. இவற்றை உலரவைத்துத் தேய்ப்பதோ வண்ணத்தைக் காற்றோடு பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றுவதோ கூடாது. வாங்கும் முன் குறியீட்டைப் படிக்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

முனையைக் கூராக்க உதடு தேவையே இல்லை. ஈரமான டிஷ்யூ தாளில் பிரஷ்ஷைப் படுக்கவைத்து, உருட்டிக்கொண்டே பின்னால் இழுங்கள். நல்ல சேபிள் முடி (விலங்கு முடி வகை) பிரஷ் உடனே கூராக நிற்கும். நிற்கவில்லை என்றால் முடியின் அடியில் வண்ணம் காய்ந்திருக்கிறது; பிரஷ் சோப்பு போட்டுக் கழுவ வேண்டிய நேரம்.

ஸ்ப்ரே பிரைமரைத் திறந்தவெளியில் அடியுங்கள். என்95 முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியை அல்ல. அதற்குக் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும்.

பழைய தொகுப்புகளை வாங்குகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். மர அலமாரியில், அதிலும் ஓக் மரத்தில், பல வருடம் இருந்த உருவங்களின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி காரீயத்தை அரித்ததால் வந்த காரீயக் கார்பனேட் அது. மூச்சிலும் வாயிலும் எளிதில் போய்விடும். கையுறை போட்டு ஈரத்தோடு துடைத்து, மரமில்லாத பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய பொம்மைச் சிப்பாய்களில் மேல்பூச்சிலேயே காரீயம் இருக்கலாம், தேய்த்து உரிக்காதீர்கள்.

இது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பலருக்குப் பிழைப்பு. மேற்கு நாட்டு ஆட்டக்காரர்களுக்காகப் படை படையாக வண்ணம் தீட்டி அனுப்பும் கூடங்கள் இலங்கையில் இருக்கின்றன. விலை உருவத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும். வேகம் கூடும்போது முதலில் கைவிடப்படுவது கை கழுவுதல். கூடம் நடத்துகிறவர்கள் சுத்தம் செய்யும் மேசையையும் தேநீர் மேசையையும் பிரித்து வைப்பதும், வேலை உடுப்பை அங்கேயே கழற்றிவைக்க இடம் தருவதும் அவர்களின் கடமை. சிறு குழந்தைகளின் உடல், விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

அசதி, தலைவலி, மலச்சிக்கல், வயிற்றுப் பிடிப்பு என்று காரீயத்தின் அறிகுறிகள் எல்லாமே வேறு எதற்கும் வரக்கூடியவை. எனவே மருத்துவரிடம் போனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லி, ரத்தத்தில் காரீய அளவு பார்க்கக் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.