மூன்று, நாலு, அஞ்சு: மூலைமட்டத்திலிருந்து ரவர் வரை

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் கிளிநொச்சித் தம்பி ஒருவர் போன மாதம் என்னை மடக்கினார். "சேர், ரெண்டு கோடு செங்குத்து எண்டா விளங்குது. ரெண்டு சைன் வளையி செங்குத்து எண்டு புத்தகத்திலை கிடக்கு. வளையியிலை எங்க சேர் மூலை?"

பதில் அவருடைய வளவிலேயே கிடந்தது. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்காக முளை அடித்து நூல் கட்டியிருந்தார்கள்.

மேசன் மூலை பார்ப்பதை வன்னியில் காணாதவர்கள் குறைவு. மூலை முளையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்ற நூலில் 4 அடி அளந்து குறி வைப்பார். இரண்டு குறிகளுக்கும் குறுக்கே ரேப்பைப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை சரி. பைதகரசுத் தேற்றத்தின் மறுதலைதான் இது. பள்ளிக்கூடத்தில் முன்னமே படித்ததால் அதில் நேரம் போக்க வேண்டாம். 5 அடி வராவிட்டால் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூலையிலிருந்து போகும் இரண்டு நூல்களையும் இரண்டு காவிகளாக (நீளமும் திசையும் உள்ள அம்புகளாக) எடுங்கள். அ 48 அங்குலம், ஆ 36 அங்குலம். குறுக்கு அளவு அ − ஆ என்ற காவியின் நீளம். அதன் வர்க்கத்தை விரித்தால், அ-இன் வர்க்கம், ஆ-இன் வர்க்கம், பிறகு அவற்றிலிருந்து கழிபடும் ஒரு வால்: எண்ணிப் பெருக்கம் அ·ஆ-இன் (இரண்டு நீளங்களையும் இடையிலுள்ள கோணத்தின் கோசைனையும் பெருக்கியதன்) இருமடங்கு. அந்த வால் பூச்சியமானால்தான் பைதகரசு சொன்னது மிஞ்சும். அதாவது மேசன் கோணத்தை அளப்பதே இல்லை. அவருடைய ரேப் அளப்பது எண்ணிப் பெருக்கத்தை.

தம்பியின் நூலில் குறுக்கு அளவு 60 அங்குலத்துக்குப் பதில் 61 வந்தது என்று வைப்போம். 61-இன் வர்க்கம் 3721. மற்ற இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை 3600. ஆகவே அ·ஆ = −60.5. இதை 48 × 36 ஆல் வகுத்தால் கோசைன் −0.035, கோணம் 92 பாகை. ஒரே ஒரு அங்குலப் பிழைதான். ஆனால் அந்தச் சுவர் 30 அடி நீளமென்றால் அதன் மறுமுனை ஓர் அடிக்கு மேல் விலகிப் போய் நிற்கும். அனுபவமுள்ள மேசன்மார் இடமிருந்தால் 6, 8, 10 அடி அளப்பது இதனால்தான். குறுக்கே அதே ஓர் அங்குலம் பிழைத்தாலும் கோணம் 91 பாகையோடு நின்றுவிடும்.

அடுத்து மேசன் செய்வதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. சுத்தியலால் முளையைத் தட்டி நகர்த்துவார். எவ்வளவு தட்ட வேண்டும்? −60.5-ஐ 48-ஆல் வகுத்தால் −1.26. ஆ-இன் குறி முதல் நூலின் திசையில் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம் பின்னால் சாய்ந்து நிற்கிறது என்று பொருள். அதுதான் அ-இன் மேல் ஆ விழுத்தும் நிழல். அந்த நிழலின் அளவுக்கு முளையை முன்னே தட்டினால் செங்குத்து வந்துவிடும். டென்மார்க்கின் கிராம் 1883-இலும் ஜெர்மனியின் ஷ்மிட் 1907-இலும் எழுதி, இன்று பல்கலைக்கழகங்களில் கிராம்-ஷ்மிட் முறை என்று படிப்பிப்பது இதைத்தான். எத்தனை காவி இருந்தாலும் ஒவ்வொன்றாக எடுத்து, முந்தியவற்றின் மேல் விழும் நிழலைக் கழித்துக்கொண்டே போக வேண்டும்.

(ஒரு சின்ன மனக்குறை. வீட்டுக்கு நிலையம் எடுக்கச் சாத்திரியாரைக் கூப்பிட்டு, நாள், நட்சத்திரம், ஈசான மூலை எல்லாம் பார்க்கிறோம். அந்த மூலை 90 பாகையா என்று எந்தச் சாத்திரியாரும் ரேப் பிடித்துப் பார்த்ததை நான் காணவில்லை. பிழைத்த மூலையில் நல்ல நேரத்தில் கல் வைத்தாலும் கூரை போடும் நாளில் சிலாகை பொருந்தாது.)

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். செங்குத்து என்பதைக் கோணமாகப் பார்ப்பதை விட்டு, "ஒன்றின் நிழல் மற்றதில் விழாது" என்று எடுத்துக்கொண்டால் மூலையே தேவையில்லை. இரண்டு எண் வரிசைகளில் நேருக்கு நேர் நிற்கும் எண்களைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். வரிசையில் இரண்டு எண் இருந்தால் அது தரையில் கிடக்கும் நூல், மூன்று என்றால் அறைக்குள் நிற்கும் கம்பு. நான்கு என்றால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கூட்டல் பெருக்கலுக்குக் கண் எதற்கு? இதன் பொதுப் பெயர் உட்பெருக்கம். இடம் மாற்றினாலும் விடை மாறக்கூடாது, கூட்டலோடும் மடங்குகளோடும் ஒத்துப்போக வேண்டும், பூச்சியமல்லாத எதையும் தன்னோடு தானே பெருக்கினால் நேர் எண் வர வேண்டும். இவ்வளவுக்கும் அடங்கினால் அது உட்பெருக்கம்; அது பூச்சியமானால் அவை செங்குத்து.

இனி நான்கு எண் வரிசைக்கு ஒரு வேலை கொடுப்போம். மீள்குடியேறிய காலத்தில் பல வீடுகளில் குட்டி அன்ரெனாவோடு ஒரு சிடிஎம்ஏ போன் இருந்தது நினைவிருக்கும். கம்பியில்லை. ஒரே கோபுரம், ஒரே மீடிறன், ஒரே நேரம். அப்படியிருந்தும் பக்கத்து வீட்டுக் கதை நம் காதில் விழவில்லை.

கோபுரம் மூன்று பேரோடு பேசுகிறது என்று வைப்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு குறி:

கடைக்கு (1, −1, 1, −1)
பள்ளிக்கூடத்துக்கு (1, 1, −1, −1)
தபாற்கந்தோருக்கு (1, −1, −1, 1)

எந்த இரண்டை எடுத்துப் பெருக்கிக் கூட்டினாலும் பூச்சியம். கடைக்கு "ஓம்" அனுப்ப வேண்டும். அதன் குறியை அப்படியே எடுக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு "இல்லை"; அதன் குறியைச் சய ஒன்றால் பெருக்குகிறோம். தபாற்கந்தோருக்கு "ஓம்". மூன்றையும் கூட்டினால் (1, −3, 1, 1). வானில் போவது இந்த ஒரு வரிசை மட்டும்தான். பார்த்தால் வெறும் குழம்பு.

கடைக்காரரின் போன் அந்தக் குழம்பைத் தன் குறியோடு உட்பெருக்குகிறது: 1 + 3 + 1 − 1 = 4. நான்கால் வகுத்தால் 1, அதாவது "ஓம்". பள்ளிக்கூடத்துப் போன்: 1 − 3 − 1 − 1 = −4. "இல்லை". தபாற்கந்தோர்: 1 + 3 − 1 + 1 = 4. "ஓம்". மற்ற இருவரின் சேதியும் ஒவ்வொருவர் கையிலும் தானாகவே பூச்சியமாகிக் கழிந்துவிட்டது. யாருக்கும் கொடுக்காத நான்காவது குறி ஒன்று இருக்கிறது: (1, 1, 1, 1). அதை வைத்துப் பெருக்கினால் 1 − 3 + 1 + 1 = 0. அவரை யாரும் கூப்பிடவில்லை என்பதும் அதே குழம்பில் எழுதியிருக்கிறது! நான் முதன்முதலில் இதைப் பேனையால் போட்டுப் பார்த்த இரவு வெவ்வேறு "ஓம்", "இல்லை" வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் குறிகளின் மூலம் அமெரிக்கக் கணிதர் ஜோசப் வால்ஷ் 1923-இல் எழுதிய கட்டுரை. முதலில் பரவிய சிடிஎம்ஏ முறையில் நான்குக்குப் பதில் 64 எண் நீளமான 64 குறிகள். அது 1990களில். "இதாலை என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டுக் கணித ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்குகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரு கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டி வைக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆனாலும் இங்கே இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளை நல்ல ஆசிரியரைத் தேடி பஸ் ஏறத்தான் வேண்டியிருக்கிறது.

வால்ஷ் குறிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. திரும்பத் திரும்ப வரும் தபாற்கந்தோரின் குறி ஒரு தட்டு, அதாவது ஓர் எண் அளவு, பிந்தி வருகிறது என்று வையுங்கள். கடைசி எண் முன்னால் வந்துவிடும்: (1, 1, −1, −1). இது பள்ளிக்கூடத்தின் குறியேதான்! கோபுரத்திலிருந்து வீடுகளுக்குப் போகும்போது எல்லாம் ஒன்றாகப் புறப்படுவதால் இந்தத் தொல்லை குறைவு. வீடுகளிலிருந்து கோபுரத்துக்கு வரும்போது கிட்ட இருப்பவரின் குரல் முந்தும், தூர இருப்பவரின் குரல் பிந்தும். அதனால் அந்தத் திசையில் ஆட்களைப் பிரிக்க வேறு வகையான நீண்ட குறிகளை வைத்தார்கள். அவற்றின் உட்பெருக்கம் சரியாகப் பூச்சியமாகாது, பூச்சியத்துக்குக் கிட்டத்தான் வரும்.

இங்கேதான் தம்பியின் சைன் வளையி வருகிறது. வரிசையில் நான்கு எண்ணுக்குப் பதில் முடிவில்லாத எண்கள் என்று நினையுங்கள். அப்போது பெருக்கிக் கூட்டுவது பெருக்கித் தொகையிடுவதாகிறது. ஒரு நேர இடைவெளிக்குள் ஒருமுறை முழுதாக ஆடும் சைனையும் இருமுறை ஆடும் சைனையும் பெருக்கி வரையுங்கள். அச்சுக்கு மேலுள்ள பரப்பும் கீழுள்ள பரப்பும் சரிக்குச் சரி. தொகையீடு பூச்சியம், ஆகவே செங்குத்து. 4ஜி கோபுரம் 15 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நூற்றுக்கணக்கான அலைகளை ஒன்றாக விடுகிறது. ஒவ்வொரு சேதித் துண்டும் நிற்கும் நேரம் ஒரு செக்கனின் 15,000-இல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் எந்த இரண்டு அலையும் முழு எண்ணிக்கையான ஆட்டங்களால் வேறுபடும். அதனால் ஒன்றின் நிழல் மற்றதில் விழாது.

அப்புறம், பிந்தி வந்தால்? வால்ஷ் குறி ஒரு தட்டுப் பிந்தினால் ஆளே மாறிவிடும். சைன் அலை பிந்தி வந்தாலும் அதே மீடிறனுள்ள அலைதான். தொடங்கும் இடம் மட்டும் கொஞ்சம் தள்ளும். ஒரே சிக்கல், பிந்திய அலையின் வால்பக்கம் அந்த நேரத்துக்கு வெளியே போய் வெட்டுப்படுவது. அதற்குப் பொறியியலாளர்கள் செய்த வைத்தியம்: ஒவ்வொரு துண்டின் வாலிலும் கொஞ்சத்தைப் பிரதி எடுத்துத் தலைக்கு முன்னால் ஒட்டிவிடுவது. அந்த ஒட்டு ஏறத்தாழ 4.7 மைக்ரோ செக்கன். அதற்குள் வானொலி அலை 1.4 கிலோமீற்றர் ஓடிவிடும். ஆகவே கோபுரத்திலிருந்து நேராக ஓர் அலையும், இரணைமடுக் குளத்து நீரில் பட்டுத் தெறித்து இன்னோர் அலையும் தம்பியின் போனுக்கு வந்தாலும், நேர்வழியைவிடக் கூடுதலாகச் சுற்றிவந்த தூரம் அந்த 1.4 கிலோமீற்றரைத் தாண்டாதவரை பூச்சியம் பூச்சியமாகவே இருக்கும்.